செக்கனுக்கு அறுபது படம்

மெல்பேர்ணின் நோபல் பார்க் பக்கத்தில் கலியாணம், சாமத்தியவீடு என்று விழாக்களுக்குப் போய் வந்தவர்கள் என் தங்கச்சியை அதிகமும் முதுகுப் பக்கமாகத்தான் பார்த்திருப்பார்கள். மணவறைக்கு முன்னால் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, "அன்ரி, ஒருக்கா அங்கால நில்லுங்கோ, பொம்பிளையின்ர முகம் மறைக்குது" என்று கேட்கிற மெலிந்த பெண் அவள்தான். பெயர் தர்ஷனா. கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியசாலையில் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, பைகளில் அடைத்துத் திகதி ஒட்டுகிற வேலை. சனி, ஞாயிறுகளில் கதிர்காமநாதன் அங்கிளின் வீடியோ ஸ்டூடியோவில் உதவி. மிச்சமிருக்கிற நேரம் கார்ப் பந்தய விளையாட்டுக்கு.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவள். திரைச்சீலை தைக்கிற இடத்தில் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் அவள் கணினியில் செய்வது எனக்கு ஒரு தடவையில் விளங்காது. விளங்கும்வரை கேட்பேன். அவளும் அலுக்காமல் திருப்பிச் சொல்வாள். இதில் எழுதியிருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டி, பிழையென்று அவள் சொன்ன இடங்களைத் திருத்திய பிறகே தருகிறேன்.

மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். ஆனால் குழுவுக்குள் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே கார்ப் பந்தய விளையாட்டை, அவரவர் வீட்டிலிருந்து, ஒரே மலைப்பாதையில் ஓடுவார்கள். ஓடி முடித்ததும் அந்த விளையாட்டு 'ரீப்ளே' என்று ஒரு சின்னக் கோப்பைச் சேமித்து வைக்கும். அது வீடியோ அல்ல. எந்த இடத்தில் ஸ்டீயரிங் திரும்பியது, எங்கே பிரேக் விழுந்தது என்ற குறிப்பு மட்டும்தான். அதை அந்த விளையாட்டுக்குள்ளே திறந்தால் ஓட்டம் மறுபடி நடக்கும். விளையாட்டு இல்லாதவர்களுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. அவர்களும் பார்க்கட்டும் என்று அந்த ரீப்ளேக்களை வீடியோவாக்கிக் குழுவில் போடுவது தர்ஷனாவின் பொறுப்பு. அவளிடம் யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல. ஒரு முறை செய்தாள். பிறகு அது அவளுடையதாகிவிட்டது.

வருடத்துக்கு ஒரு தடவை சிட்னியில், கிரவீனில், ஒரு வீட்டுக் கராஜில் நேரடிப் போட்டி. மெல்பேர்ணில் யாருடைய ஓட்டம் குறைந்த நேரத்தில் முடிந்ததோ அவர் போய் சிட்னிக்காரரோடு ஓட வேண்டும். இந்த வருடம் அது பிரஷாந்தன். மலைப்பாதையை இரண்டு நிமிடத்தில் முடித்திருந்தான். அதுவரை யாரும் அதற்குக் கிட்டவும் வரவில்லை.

பிரஷாந்தன் இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் இருக்கிறான். கோழி இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. இரண்டாம் கையாக வாங்கிய ஸ்டீயரிங்கை உடுப்பு அயன் பண்ணுகிற மேசையில் இறுக்கி வைத்து, நின்ற நிலையிலேயே ஓடுவான். "கதிரையில இருந்து ஓடு மச்சான்" என்று குழுவில் எத்தனை பேர் சொன்னாலும் கேட்க மாட்டான். அதிகம் பேசாதவன். முதலாவதாக வந்த அன்று அவன் குழுவில் எழுதியது ஒரேயொரு சொல்: "நன்றி."

அந்த ஓட்டத்தைத் திறமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று தர்ஷனாவுக்கு ஆசை. வழக்கமாக அவள் ரீப்ளேயைத் திரையில் ஓடவிட்டு, இன்னொரு புரோகிராமால் அதைப் பதிவு செய்வாள். எங்கள் வீட்டுக் கணினி பழையது. இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும்போது மூச்சு வாங்கும். வளைவுகளில் படம் துள்ளும். இந்த முறை அவள் வேறு வழி எடுத்தாள். செக்கனுக்கு அறுபது படம் வேண்டும் என்று சொல்லிவிட்டால், அந்த விளையாட்டே அவசரப்படாமல் ஒவ்வொரு படமாக வரைந்து ஒரு கோப்புறையில் அடுக்கி வைக்கும். சத்தத்தைத் தனியாக எழுதும். நேரம் எடுக்கும், ஆனால் துள்ளல் இருக்காது. இரண்டு நிமிட ஓட்டத்துக்கு ஏழாயிரத்து இருநூறு படம். அவற்றை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், அங்கிளின் பெரிய கணினியில் வரிசையாகக் கோத்து வீடியோவாக்கினாள். மேலே வீணை இசை போட்டாள். முடிவில் பிரஷாந்தனின் பெயரைத் தங்க எழுத்தில் வர வைத்தாள். கலியாண வீடியோவில் மாப்பிள்ளையின் பெயர் வருமே, அதே எழுத்து.

சனிக்கிழமை குழுவில் போட்டாள். இதயமும் கைதட்டலுமாக வந்து குவிந்தது.

ஞாயிறு காலை பிரதீப்குமார் ஒரு செய்தி எழுதினார். ரோவிலில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரர். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவருடைய வேலை. கண்டால் பேசாமல் இருக்க அவரால் முடியாது. இரண்டாவதாக வந்தவரும் அவர்தான். 'வீடியோ சூப்பர். ஒரு சந்தேகம். ஸ்கிரீன்ல கேம் கடிகாரம் ரெண்டு நிமிஷம் காட்டுது. என் கைக்கடிகாரத்துல ரெண்டு நிமிஷம் இருபத்து நாலு செகண்ட் ஆகுது. எப்படி?'

அவர் எழுதியது அவ்வளவுதான். மிச்சத்தை மற்றவர்கள் எழுதினார்கள். இப்படியான விளையாட்டுகளில் ஒரு கள்ள வேலை உண்டாம். சின்ன புரோகிராம் ஒன்றால் முழு விளையாட்டையும் மெதுவாக்கிவிடலாம். வளைவு ஆறுதலாக வரும். கைக்கு அவகாசம் கிடைக்கும். விளையாட்டின் கடிகாரமும் சேர்ந்து மெதுவாகிவிடுவதால் முடிவில் நேரம் குறைவாகத்தான் காட்டும். 'அதுதானே பார்த்தன்' என்று ஒருவர். 'நிண்டுகொண்டு ஓடி ரெண்டு நிமிசமோ' என்று இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒரே சொல்லில் முடித்தார்: 'அளாப்பி.' விளையாட்டில் ஏமாற்றுகிறவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது.

பிரஷாந்தன், 'நான் அளாப்பேல்ல' என்று எழுதினான். பிறகு குழுவை விட்டு விலகினான். சிட்னிக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

தர்ஷனா அழைத்தபோது அவன் எடுக்கவில்லை. நான் அழைத்தேன், எடுத்தான்.

"தம்பி, சாப்பிட்டியே?"

"ஓம் அக்கா."

"ஏன் விலகினனி? நில்லன். அவள் பாத்துச் சொல்லுவாள்."

"அக்கா, பன்னிரண்டு வருசமா ஒவ்வொரு ஒபிசிலயும் நான் சொல்லுறது உண்மை எண்டு காட்டிக்கொண்டிருக்கிறன். அது பரவாயில்லை, விசாவுக்கு. இது விளையாட்டு. இதுக்கும் ஒரு விசாரணை எண்டா நான் வரேல்ல. பிரதீப் அண்ணாவை அனுப்புங்கோ, அவர் நல்லா ஓடுவார்."

இதை நான் தர்ஷனாவிடம் சொன்னபோது அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் பேசாமல் பழைய மாதிரிச் செய்திருந்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம். வடிவாக்கப் போய் அவரைக் கள்ளனாக்கிப் போட்டன்" என்றாள்.

அவள் அழுகிற ஆள் இல்லை. பல் வைத்தியசாலையில் ஒரு கருவி குறைந்தால் எந்தப் பையில் இருந்து எந்தத் தட்டுக்குப் போனது என்று பின்னோக்கித் தேடுவாளாம். அதே மாதிரி அன்றைக்கும் தொடங்கினாள். முதலில் பிரஷாந்தனின் ரீப்ளேயை எங்கள் கணினியில், விளையாட்டுக்குள்ளேயே ஓடவிட்டாள். நான் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம்.

"அக்கா, இருபத்து நாலு செக்கன் ரீப்ளேயில இல்ல. வீடியோவில மட்டும்தான் இருக்கு. எங்கட கையாலதான் சேர்ந்திருக்கு."

உடனே பிரதீப்குமாருக்கு அழைத்தாள். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அவர் மேல தப்பில்லைங்கறதுக்குப் பாதி வந்தாச்சு. ஆனா எங்க சேர்ந்துச்சுன்னு காட்டலன்னா, நீங்க அவருக்காகச் சொல்றீங்கன்னுதான் பேசுவாங்க. நான் வர்றேன்" என்றார். அரை மணித்தியாலத்தில் ஸ்டூடியோ வாசலில் நின்றார்.

ஸ்டூடியோ என்பது கதிர்காமநாதன் அங்கிளின் வீட்டுக் கராஜ்தான். சுவரெல்லாம் மணப்பெண்கள். அங்கிள் கணினியில் ஒரு பெண்ணை மணவறைக்கு நடத்திக்கொண்டிருந்தார். அவள் ஒரு காலை எடுத்து மற்றக் காலுக்கு முன் வைப்பதற்குள் நான் மூன்று பேருக்கும் கதிரை இழுத்துப் போட்டுவிட்டேன்.

"அங்கிள், எனக்கு ஒருக்கா கொம்பியூட்டர் வேணும்."

"பொம்பிளை இன்னும் மணவறைக்குப் போகேல்ல, பிள்ளை."

"அவ போறதுக்குப் பொழுது பட்டிடும். எழும்புங்கோ."

அங்கிள் முணுமுணுத்துக்கொண்டு எழும்பினார். தர்ஷனா பிரஷாந்தனின் ஓட்டத்தைத் திறந்தாள். வீணை இசையோடு கார் மலையேறியது. பிரதீப்குமார் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டார்.

"தர்ஷனா, ஒரிஜினல் சவுண்ட் எங்க?"

"எடுத்திட்டன்."

"ஏன்?"

இந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதில் சொன்னது அங்கிள். "தம்பி, கலியாண வீடியோவில முதல் வேலை சத்தத்தை எடுக்கிறதுதான். குழந்தை அழும், சமையல்காரன் கத்துவான், மாமி ஒருத்தி மற்ற மாமியின்ர நகையைப் பற்றிச் சொல்லுவா. அதெல்லாம் வீடியோவில வந்தா எனக்குக் காசு வராது. எடுத்துப்போட்டுப் பாட்டைப் போட வேண்டியதுதான்."

"அது கல்யாணத்துக்குங்க. இது கார்."

தர்ஷனா ஏற்கெனவே கோப்புறையைத் திறந்து தேடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு தனியாக எழுதி வைத்த சத்தம் அங்கே தொடப்படாமல் கிடந்தது. அதன் நீளம் இரண்டு நிமிடம். வீணையை எடுத்துவிட்டு அதைப் படத்துக்குக் கீழே வைத்தாள். ஓடவிட்டாள்.

புறப்படும்போது எல்லாம் சரியாக இருந்தது. முதலாவது வளைவு வருவதற்கு முன்பே டயர் கிறீச்சிட்டது. கார் இன்னும் நேர்ப்பாதையில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வளைவில் இடைவெளி இன்னும் கூடியது. கடைசியில் எஞ்சின் சத்தம் முடிந்து அமைதியாகிவிட, கார் மட்டும் தன்பாட்டில் மலையேறிக்கொண்டிருந்தது.

"படம்தான் இழுபட்டிருக்கு. ஒரே சீரா இழுபட்டிருக்கு" என்றார் பிரதீப்குமார்.

தர்ஷனா ஒரு துண்டுக் கடதாசியில் பிரித்துப் பார்த்தாள். ஏழாயிரத்து இருநூறு படத்தை வீடியோவின் நூற்று நாற்பத்து நாலு செக்கனால். எழுதிய விடையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி அங்கிளைப் பார்த்தாள்.

"அங்கிள். இதுக்குள்ள வாற படத்தையெல்லாம் செக்கனுக்கு ஐம்பது எண்டு எடுக்கச் சொல்லி வச்சிருக்கிறீங்களோ?"

"ஓம். நான்தானே போட்டு வச்சனான். எங்கட கமரா மூண்டும் ஐம்பது. அதை அரைவாசியாக்கினா பொம்பிளை வடிவா மிதந்து வருவா. வேகமா நடந்தா அது கலியாணம் இல்ல, பஸ்ஸுக்கு ஓடுறது." அவர் சுற்றிப் பார்த்தார். "ஏன், என்ன பிழை?"

பிழை என்னவென்று தர்ஷனா எனக்கு அங்கேயே சொன்னாள். தனித்தனிப் படங்களுக்கு வேகம் கிடையாது. அவை புகைப்படங்கள் மாதிரி. செக்கனுக்கு எத்தனை என்று கோக்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். விளையாட்டு ஒரு செக்கனுக்கு அறுபது என்று வரைந்து கொடுத்தது. ஸ்டூடியோக் கணினி அதை ஐம்பது ஐம்பதாக எண்ணிக் காட்டியது. ஒவ்வொரு செக்கனிலும் பத்துப் படம் அடுத்த செக்கனுக்குத் தள்ளிப்போனது. சத்தம் கூட இருந்திருந்தால் முதலாவது வளைவிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். அதை அவளே எடுத்துவிட்டாள்.

"கண்ணுக்குத் தெரியேல்லையா?" என்று கேட்டேன்.

"அக்கா, நாலு வருசமா நான் பொம்பிளையள் நடந்து வாறதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். எனக்கு அது வேகமாத்தான் தெரிஞ்சது."

முதலில் சிரித்தது பிரதீப்குமார். அங்கிளுக்குக் கோபம் வருமோ என்று பயந்தேன். அவர் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

தர்ஷனா ஐம்பதை அழித்து அறுபது என்று எழுதினாள். திரையில் நீளமாகக் கிடந்த படத்தின் கோடு சுருங்கி, சத்தத்தின் கோட்டோடு ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது. நான் திரைச்சீலை தைக்கிறவள். இரண்டு துணியும் சமமாக வந்து முடிகிற சந்தோசம் எனக்குத் தெரியும். ஓடவிட்டாள். வளைவும் கிறீச்சும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் பிரஷாந்தனின் கை என்னவென்று தெரிந்தது. கார் மிதக்கவில்லை, பாய்ந்தது. அங்கிள்கூடக் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இதைப் போட்டா போதுமோ?" என்று தர்ஷனா கேட்டாள்.

பிரதீப்குமார் தலையாட்டவில்லை. "சரிப்படுத்தினதைப் போட்டா, வேகமாக்கிட்டீங்கன்னு ஒருத்தன் சொல்லுவான். என்னோட ரீப்ளே இருக்கில்ல? அதையும் இதே மாதிரித் தப்பா செய்யுங்க."

அவருடைய ஓட்டத்தையும், அவர் கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியில், படம் படமாக வரைய வைத்தார்கள். அது முடியும்வரை அங்கிளின் மனைவி கொடுத்த தேத்தண்ணியும் வடையும். அந்த இடைவெளியில் அங்கிள் தன் மணப்பெண் இன்னும் பாதி வழியில் நிற்பதை நாலு தடவை நினைவுபடுத்தினார். பிறகு தர்ஷனா பழையபடி ஐம்பது என்று போட்டு, பிரதீப்குமாரின் காரை ஓடவிட்டாள். அவரும் மணவறைக்குப் போகிற மாதிரிப் போனார்.

"என்ன தம்பி, நீரும் பட்டுச்சேலையோ?" என்றார் அங்கிள்.

பிரதீப்குமார் இரண்டு வீடியோவையும் தன் கையாலேயே குழுவில் போட்டார். கீழே எழுதினார்: 'இது என் ஓட்டம். ரெண்டு நிமிஷம் ஒன்பது செகண்டை ரெண்டு நிமிஷம் முப்பத்தஞ்சா காட்டுது. பிரஷாந்தன் அளாப்பின்னா நானும் அளாப்பி. தப்பு வீடியோ சேர்த்த இடத்துல. பிரஷாந்தனோட சரியான வீடியோவையும் கீழ போட்டிருக்கேன், சத்தத்தோட பாருங்க.' காலையில் கற்றுக்கொண்ட சொல்லைச் சரியான இடத்தில் போட்டிருந்தார். அதற்குக் கீழே தர்ஷனா, எந்த எண்ணை எங்கே விட்டாள் என்று ஒளிக்காமல் எழுதினாள். காலையில் அந்தச் சொல்லை எழுதியவர் அதை அழித்துவிட்டு, 'மன்னிக்கவும், சத்தத்தோட பார்த்தன், மயிர் கூச்செறியுது' என்று போட்டார்.

ஆனால் பிரஷாந்தன் குழுவில் இல்லையே. அவனுக்குத் தெரியாது. மூன்று பேரும் அவனுடைய வீட்டுக்குப் போனோம்.

அவன் அயன் பண்ணிக்கொண்டிருந்தான். மேசையின் ஒரு முனையில் ஸ்டீயரிங், மறு முனையில் வேலைக்குப் போடுகிற சட்டை. தர்ஷனா கைத்தொலைபேசியை நீட்டினாள். அவன் தன் ஓட்டத்தைச் சத்தத்தோடு கடைசிவரை பார்த்தான்.

"என்னால வந்தது, பிரஷாந்தன் அண்ணா" என்றாள். "ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில நீங்க மாட்டுப்பட்டுப் போனீங்கள்."

பிரதீப்குமார் முன்னால் வந்தார். "நான் கேட்டது தப்பில்லைங்க. ஆனா குரூப்ல கேட்டிருக்கக் கூடாது. உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கணும்."

"நீங்கள் கேட்டது கேள்வி, அண்ணா. அது பரவாயில்லை" என்றான் பிரஷாந்தன். "மற்றவைதான் கேள்வி இல்லாமல் தீர்ப்பு எழுதினவை."

"இப்ப தீர்ப்பை மாத்தி எழுதியிருக்காங்க. நாளைக்குள்ள பேர் குடுக்கணும். உங்க பேரைக் குடுக்கவா?"

பிரஷாந்தன் சட்டையைத் திருப்பிப் போட்டு மற்றக் கையையும் அழுத்தினான். அது முடியும்வரை நாங்கள் நின்றோம். பிறகு கேட்டான்: "உங்கட காருக்குள்ள இந்த மேசை போகுமோ?"

போனது. பின் சீற்றின் நடுப்பகுதியை மடித்துப் போட்டால் போகும். அடுத்த வார இறுதியில் மெல்பேர்ணிலிருந்து சிட்னிவரை அந்த அயன் மேசைதான் காரின் நடுவில் படுத்துக்கொண்டு போனது. நானும் தர்ஷனாவும் அதற்கு இரண்டு பக்கமும் ஒடுங்கி இருந்தோம். கிரவீன் கராஜில் அதை விரித்து வைத்தபோது சிட்னிக்காரர் பகிடி பண்ணினார்கள். "உடுப்பு இருந்தா நாங்களும் தாறம், அயன் பண்ணித் தாங்கோ" என்றார்கள். பிரஷாந்தன் ஓடி முடித்த பிறகு அந்தப் பகிடி வரவில்லை. சிட்னியின் ஸ்ருதி என்ற பெண் அவனை அரைச் செக்கனால் வென்றாள். அவனுக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய கடைசி வளைவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.

கதிர்காமநாதன் அங்கிளின் ஸ்டூடியோவில் இப்போது ஒரு மாற்றம். மணப்பெண் நடந்து வருகிற இடத்தில் தர்ஷனா சத்தத்தை முழுதாக எடுப்பதில்லை. கால் கொலுசு மெல்லக் கேட்கும். "மாமியின்ர கதை வந்துதெண்டா நீதான் பொறுப்பு" என்கிறார் அங்கிள். இதுவரை வரவில்லை. கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறாள், வேலையில் கருவிப் பைகளுக்கு ஒட்டுகிற மாதிரி: 'கார் – 60. பொம்பிளை – 50.'

சிட்னியிலிருந்து திரும்பி வரும் வழியில், சாப்பிட நிறுத்திய இடத்தில், பிரஷாந்தன் தர்ஷனாவிடம் மெதுவாகக் கேட்டான்.

"அந்தப் பிழையான வீடியோ இன்னும் வச்சிருக்கிறீரோ?"

"அழிக்கேல்ல. ஏன்?"

"அம்மா வவுனியாவில. நான் முதலாவதா வந்தனான் எண்டு சொன்னனான், பாக்க வேணும் எண்டு நிக்கிறா. சரியானதை அனுப்பினா, இப்பிடித்தான் அங்க கார் ஓடுறியோ எண்டு ஏசுவா. மற்றதில நான் நல்ல சாதுவாப் போறன்."

தர்ஷனா சிரித்துக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்தாள். "வீணையோடயோ, வீணை இல்லாமலோ?"

"வீணையோட" என்றான் பிரஷாந்தன். "பேர் தங்க எழுத்தில வருமே, அதுவும் இருக்கட்டும்."